பாதிப் பொருத்தத்தோடு முன்வந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் எச்.எல்.ஏ. எனும் அணு அடையாளங்கள் பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர்களிடம்கூட அவை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதியாவது நிச்சயம் பொருந்தும். ரத்தப் புற்றுநோயாளிகளுக்காக அந்தப் பாதியோடு வந்து நின்ற பிள்ளைகள், பெற்றோர், அண்ணன் தங்கைகள் எல்லோருக்கும் முதல் நன்றி.

பாதிப் பொருத்தத்துக்கு வழிவகுத்தவர்கள் அமெரிக்காவின் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களான எஃப்ரைம் ஃபக்ஸ், லியோ லுஸ்னிக், அவர்களோடு உழைத்தவர்கள். வயதானவர்களும் தாங்கக்கூடிய முறை அது. மஜ்ஜை ஏற்றுமுன் ஐந்து நாள் ஃப்ளூடாரபின், அதில் முதல் இரண்டு நாள் உடல் எடையில் கிலோவுக்கு 14.5 மி.கி. சைக்ளோபாஸ்பமைடு என இரு கீமோ மருந்துகள், கடைசியில் வெறும் 2 கிரே அளவுக் கதிர்வீச்சு. மஜ்ஜை ஏற்றியபின் 3, 4ஆம் நாட்களில் அதே சைக்ளோபாஸ்பமைடு, இம்முறை கிலோவுக்கு 50 மி.கி. நோயாளியின் உடலைப் பகையாகக் கண்டு வேகமாகப் பெருகும் கொடையாளியின் டி அணுக்கள் (நோய் எதிர்ப்பு அணுக்கள்) அதில் மடியும். ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ் நொதி மிகுந்த, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் பிழைத்துக்கொள்ளும்.

அந்த நாலு நாளைக் காத்த செவிலியர்களுக்குத் தனி நன்றி. ஏற்றிய மறுநாளே காய்ச்சல் எகிறும், வீட்டார் பதறுவார்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் எடுத்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, ஸ்டீராய்டைத் தொடாமல் இருந்தீர்கள். ஸ்டீராய்டு போட்டால் டி அணுக்களின் பெருக்கம் அடங்கிவிடும். பெருகாத அணுவைச் சைக்ளோபாஸ்பமைடு கொல்லாது. எதிர்ப்பு அணுக்களை அடக்கும் டாக்ரோலிமஸையும் மைக்கோபினோலேட்டையும் 5ஆம் நாள்வரை தள்ளிவைப்பதும் இதற்காகத்தான். சைக்ளோபாஸ்பமைடால் சிறுநீர்ப்பையில் ரத்தம் கசியாதிருக்க மெஸ்னா மருந்தையும் குளுக்கோஸ், சலைன் கணக்கையும் இரவெல்லாம் பார்த்துக்கொண்டவர்களும் நீங்களே.

ஆய்வுக்கூடத்தாருக்கு நன்றி. பிரசவம் கண்ட தாய் நோயாளி, மகன் கொடையாளி என்றால், தாயின் ரத்தத்தில் மகனுடைய எச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கலாம். பலமுறை ரத்தம் ஏற்றியவர்களுக்கும் அப்படியே. பார்க்காமல் ஏற்றினால் மஜ்ஜை ஒட்டாமல் போகலாம். கொடையாளியை மாற்றச் சொல்லி நீங்கள் தந்த அறிக்கைகள் உயிர் காத்தவை.

மஜ்ஜைக்கு மாற்றாக ஏற்றத் தொப்புள்கொடி ரத்தம் தந்த தாய்மார்களை மறக்க முடியாது. 2011இல் வெளியான இரண்டு இணை ஆய்வுகளில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது பாதிப் பொருத்தத்தில் 45 சதவீதம், தொப்புள்கொடியில் 31. சிகிச்சையின் பாதிப்பால் இறந்தவர்களோ முறையே 7, 24 சதவீதம். முறைக்கு 50 பேர்வீதம் அந்த ஆய்வுகளுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் எங்கள் வணக்கம்.

தட்டணு தந்தவர்களுக்கும், சென்னையின் தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடுகளில் கன்ன உட்புறப் பஞ்சு மாதிரி கொடுத்தவர்களுக்கும் நன்றி. பதிந்துகொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கைபேசி எண் மாறினால் பதிவேட்டுக்கு உடனே தெரிவியுங்கள். பொருத்தம் கிடைத்தும் ஆளைப் பிடிக்க முடியாமல் போவதுதான் பெரிய இழப்பு.

நன்றியுடன்,
மஜ்ஜை மாற்று ஒருங்கிணைப்புக் குழுவினர்