ஆயில் சீல் மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்: பிக்கப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை உரிமையாளர்களுக்கும் தலைமை மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் சுமை இழுத்த பிக்கப் பழுதாகும் என்பது அதன் உரிமையாளருக்குத் தெரியும். அதற்குப் பணம் ஒதுக்கித்தான் வைத்திருப்பார். ஒரே பழுதுக்கு இரண்டாம் முறை பில் வரும்போதுதான் அவர் வண்டியை எடைக்குப் போடும் முடிவுக்கு வருகிறார். அந்த இரண்டாம் பில் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். கெட்ட பாகத்தை மாற்றுகிறோம், அதைக் கெடுத்த காரணத்தை வண்டியிலேயே விட்டுவிடுகிறோம். இந்த மடல் அதைப் பற்றியது.

பின் ஆக்ஸில் சீலையே, அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் உதட்டு வளையத்தையே, எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வடிகிறது, பிரேக் ஷூ நனைந்திருக்கிறது. ஆக்ஸிலை உருவிப் புதுச் சீலைத் தட்டி அனுப்பிவிடுகிறோம். ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மேலே, உள்காற்று வெளியேற இருக்கும் சின்ன பிரீதரை யாரும் தொடுவதில்லை. சேறும் துருவும் அதை அடைத்துவிட்டால், வண்டி ஓட ஓட உள்ளே சூடாகி விரியும் காற்றுக்குப் போக வழியில்லை. சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியேறும். புதுச் சீலும் அதே கதிதான். பிரீதரைக் கழற்றிக் கழுவி, காற்று தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சீல் உட்காரும் இடத்தில் ஆக்ஸிலை நகத்தால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் எந்தச் சீலும் நிற்காது. பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் அப்படியே. ஆயிலில் ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டாதீர்கள், இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள். வடிவது கியர் ஆயில்தானா என்பதையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும்: கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். நீர்த்து, தண்ணீரில் கரைந்து போனால் அது பிரேக் ஆயில், கசிவது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்.

எஞ்சினின் பின்பக்க மெயின் சீலுக்கும் இதே கதைதான், ஆனால் செலவு பல மடங்கு. சீலின் விலை அற்பம், அதற்காக கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பில்லை நிரப்புகிறது. இறக்கும் முன் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) பிரீதர் குழாயும் வால்வும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு இல்லாமலும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது என்றால் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எழும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சில துளி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே வரும் தகடு). ரிங் தேய்ந்து புகை கிராங்க்கேஸுக்குள் இறங்கும் எஞ்சினுக்குச் சீல் மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதை உரிமையாளரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே கூலியில் அடங்கும் வேலைகளையும் சேர்த்துக் கேளுங்கள்: கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர்பாக்ஸின் முன் சீல். கிளச் மாற்ற வந்த வண்டிக்கும் இதுவே பொருந்தும். மெயின் சீலை விட்டுவிட்டு மூடினால் பிறகு அது கசிந்து புதுத் தட்டை நனைக்கக்கூடும். ஆயில் மாற்றும்போது வடிக்கும் பிளக்குக்கு முன் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருவேறி அசையாவிட்டால், வடித்த வண்டியில் ஆயில் ஊற்ற வழியிருக்காது. ஜி.எல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸுக்கு, கையில் இருக்கிறது என்பதற்காக கிரவுனுக்கு (பின் ஆக்ஸில் கியருக்கு) வைத்த ஜி.எல்-5 ஆயிலை ஊற்றாதீர்கள். கியர் சத்தமின்றி விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும்.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில்தான் உரிமையாளரின் பணம் அதிகம் கரைகிறது. ஷாஃப்ட் ஆடுகிறது, நீலப் புகை வருகிறது, டர்போ போய்விட்டது என்று புதிதாக மாட்டுகிறோம். அது ஏன் போனது? பெரும்பாலும் ஆயில் போய்ச் சேரவில்லை. ஆயில் கொண்டுபோகும் மெல்லிய பைப்பின் உள்ளே கரி படிந்து வழி சுருங்கியிருக்கும், அல்லது ஆயில் மாற்றாமல் ஓட்டியதால் சம்ப்பில் (எஞ்சினின் ஆயில் தொட்டியில்) சேறு கட்டி வடிகட்டியை அடைத்திருக்கும். பழைய பைப்பிலேயே புது டர்போவை மாட்டினால் அதுவும் வறண்டு சாகும். பைப்பைப் புதிதாகப் போடுங்கள், திரும்பி வரும் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், மாட்டுவதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் சுழற்றுங்கள். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் தேங்கிய ஆயிலையும் வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அதை உறிஞ்சித் தானே ரேஸ் ஆகலாம்.

கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் மட்டும் இருந்தால் டர்போவைத் தொடாதீர்கள். முதலில் இன்டர்கூலர் ரப்பர் குழாய்களின் அடிப்பக்கம் கிழிந்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, வேக்குவம் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரியில் சிக்கித் திறந்தே நிற்பதும் இதே அறிகுறியைத் தரும். ஸ்கேனர் காட்டும் பிழை எண் ஒரு மின்சுற்றில் கோளாறு என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. அந்த எண்ணை வைத்தே சென்சார் வாங்கச் சொல்வது நம் தொழிலுக்கே அழகில்லை.

காமன் ரயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டி) காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால், டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டருக்கும் விலை கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதற்கு முன் செய்ய வேண்டியவை எளியவை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் டீசல் இரவில் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது, ஒரு ஓ-ரிங்கோ வெடித்த குழாயோ போதும் அதற்கு. குமிழி இல்லாவிட்டால் ரிட்டர்ன் சோதனை: ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட்டி அளவை ஒப்பிடுங்கள். எது மிகுதியாகத் திருப்பி விடுகிறதோ அதுதான் குற்றவாளி. மாற்றும்போது செப்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும், குறியீடு உள்ள இன்ஜெக்டர் என்றால் அந்தக் குறியீட்டை ஈசியூவில் (எஞ்சினின் கணினியில்) ஏற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள். ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) மேலும் ஏறக்கூடிய அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

சூடேறும் வண்டி வந்தால் ஹெட்டைக் கழற்றத் துடிக்காதீர்கள். ரேடியேட்டர் மூடி முதலில். 1 பார் மூடி தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸுக்குத் தள்ளுகிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் நல்ல எஞ்சினும் கொதிக்கும். அடுத்து, சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட். அதற்குப் பின், சூடேறினால் இறுகிச் சுழலும் விஸ்கஸ் ஃபேன்: எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டுக் கையால் சுழற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும், விட்டேத்தியாகச் சுழன்றால் போய்விட்டது. ரேடியேட்டர் முகத்தை வெப்பமானியால் வரிசையாக அளந்தால் குளிர்ந்து கிடக்கும் பகுதி அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் சரியாக இருந்து, தண்ணீரில் எஞ்சினின் எரிந்த புகை கலந்திருப்பதைச் சோதனைத் திரவம் நிறம் மாறிக் காட்டினால் மட்டும் ஹெட்டுக்குப் போங்கள்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடுவது அரை வேலை. நேர் விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவை அளக்க வேண்டும், வால்வுகளுக்கு நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். சில டீசல் ஹெட்டுகளை ஃபேஸ் பண்ணக் கூடாது (முகத்தைச் சீவி மட்டமாக்கக் கூடாது), அதனால் கையேட்டைப் பார்க்காமல் லேத்துக்கு அனுப்பாதீர்கள். பல டீசல் எஞ்சின்களுக்கு கேஸ்கெட் வெவ்வேறு கனத்தில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்பதை வைத்துத்தான் எது என்று முடிவாகும். பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள துளைகளை அல்லது வெட்டுகளை எண்ணிவிட்டு ஆர்டர் போடுங்கள். குறித்த டார்க் (முறுக்கு விசை) வரை இறுக்கிய பின் கோணக் கணக்கில் முறுக்கும் போல்ட் என்றால் புதுசு வாங்குங்கள். சூடேற்றிய மூல காரணத்தைச் சரி செய்யாமல் இத்தனையும் செய்தால் மறுபடி இதே மேஜைக்கு வந்து நிற்கும்.

மின்சாரத்தில் நாம் தேவையில்லாமல் மாற்றுவது செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை. இதோடு நிற்காமல், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் எர்த் பட்டையில். கழற்றித் தேய்த்து, மின்னும் உலோகத்தில் இறுக்கினால் வேலை முடிந்தது.

பட்டை ஸ்பிரிங்கில் பாரத்துக்காகக் கூடுதல் பட்டை போடச் சொல்வார்கள். போட்டால் பின்பகுதி உயரும். ஆக்ஸிலோடு கம்பியில் இணைந்த பிரேக் வால்வு அதைப் பார்த்து வண்டி காலி என்று எண்ணி, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் ஏற்றிய வண்டியில் இது உயிராபத்து. அந்தக் கம்பியைச் சரிக்கட்டாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். துருவேறி அசையாமல் நிற்கும் வால்வுகளும் ஏராளம். ஆக்ஸிலைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. பட்டையின் முனையைத் தாங்கும் ஷேக்கிள் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குங்கள், தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் குறி போடுங்கள், மாறி மாட்டினால் அதிரும்.

சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) விஷயத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். ஸ்பிரிங் தாங்கிகளுக்கு அருகிலும் ஸ்டீயரிங் பாக்ஸ் பிடிப்பிலும் சுத்தியால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டு, அடிப்பூச்சு உதிர்ந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அந்த இடத்தில் ஒட்டு வெல்டிங் போட்டு டர்போவுக்கும் கிளச்சுக்கும் பணம் வாங்குவது நியாயமில்லை. பெரிய எஸ்டிமேட் எழுதும் முன் சேஸைப் பார்த்துவிட வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: எஸ்டிமேட்டில் பாகம், கூலி, சோதனைக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். சோதனைக்குக் கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள், பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலைதான் நம்மைக் காரணம் தேடவிடாமல் செய்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே அது ஏன் கெட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத பாகத்தை இன்னும் ஆர்டர் போடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். யூ போல்ட் மாற்றிய வண்டி சில நூறு கிலோமீட்டரில் மறு இறுக்கத்துக்கு வர வேண்டும் என்பதை பில்லிலேயே எழுதி, அதற்குக் கூலி வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய பிக்கப்புகளில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்