மேனுவலையே வாங்கு

கும்பகோணம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். குறுவை அறுத்தாயிற்று. திருவிடைமருதூர் பக்கம் பாதி ரோட்டில் நெல்தான் காய்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஜெர்மனியில் பழைய போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போவதாகவும், கையால் கியர் மாற்றும் மேனுவலா, போர்ஷேயின் ஆட்டோமேட்டிக் கியரான பி.டி.கே.வா என்று முடிவுக்கு வர முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் மேனுவல்தான்.

வேகத்தில் பி.டி.கே. ஜெயிக்கும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்குள் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்கள் ஒன்றில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். நீ மூன்றில் ஓட்டும்போதே நான்கு தயாராக நிற்கும். ஒன்று விட மற்றது பிடிக்கும், இழுவை அறுபடாது. சாதாரண 718 கேமனில் நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட மேனுவலுக்கு 5.1 விநாடி, பி.டி.கே.வுக்கு 4.9. பந்தயத்தில் அது பெரிய விஷயம். 1989இல் ஃபெராரி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் மாற்றும் கியரை வைத்து ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்தது, முதல் பந்தயத்திலேயே பிரேசிலில் அதன் ஓட்டுநர் மேன்செல் ஜெயித்தார். கொஞ்ச வருஷத்தில் எல்லா அணியும் அதற்கு மாறிவிட்டது. அங்கே விநாடிதான் சோறு போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ யாரோடு பந்தயம் போகப் போகிறாய்? மலைப்பாதையில் ஒரு வளைவு வருகிறது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். வலது காலின் முன்பகுதி பிரேக்கில். இடது கால் கிளட்சை மிதிக்க, அதே வலது காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. கியர் விழுந்ததும் கிளட்சை விடு. சரியாகச் செய்தால் வண்டி குலுங்காது, இம்மி பிசகினாலும் கழுத்து சொல்லிவிடும். பழைய ஜீப்பில் முதல் கியருக்கு டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை இரண்டு தடவை மிதித்து, ஓட்டிய உனக்கு இது புதிதல்ல. அந்த வேலையைக் காருக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் பிடிக்கும் 0.2 விநாடியை வைத்து என்ன செய்வாய்?

போர்ஷேவே இதை ஏற்றுக்கொண்டது. 2013இல் தன் 911 ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் காரை பி.டி.கே.வில் மட்டும்தான் விற்றது, ரசிகர்கள் விடவில்லை. 2016இல் 911 ஆர் என்று 991 கார்கள் செய்தது, எல்லாமே ஆறு கியர் மேனுவல். அடுத்த வருஷமே ஜிடி3யிலும் மேனுவல் திரும்பி வந்தது.

அதற்காக எல்லாக் காரும் மேனுவலாக இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றிப் போவதற்குள் கிளட்ச் மிதித்தே முழங்கால் போய்விடும், அதனால் வீட்டுக்கு ஆட்டோமேட்டிக்தான் வாங்கியிருக்கிறேன். நீயோ ஆபீஸுக்கு ரயிலில் போகிறாய். அப்புறம் என்ன?

வாங்குமுன் நான்காவது கியரில், மெதுவான வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பார். என்ஜின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, விலையில் அதைக் கழிக்கச் சொல்.

ஓட்டிப் பார்த்ததும் எழுது. பொங்கலுக்கு வருவதானால் டிக்கெட் போட்டவுடன் சொல், திருச்சிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்