புதுப் பாகம் மாட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் ராம் (நினைவகம்), எஸ்.எஸ்.டி. (தகவல் சேமிக்கும் டிஸ்க்), கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் தரும் கார்டு) வாங்கிப்போய் வீட்டிலேயே மாட்டிக்கொள்பவர்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம்தான். மறுநாளே "அண்ணே, சாமான் டெட்" என்று திரும்பக் கொண்டுவருகிறவர்களும் நிறைய. அந்தச் சாமானை எங்கள் மேசையில் வேறு மதர்போர்டில் (சுருக்கமாக 'போர்டு') போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகிறது. கெட்ட சாமான் வருவதே இல்லை என்று சொல்லவில்லை. வரும், மாற்றியும் தருகிறோம். ஆனால் நல்ல சாமானைத் தூக்கிக்கொண்டு ரங்கூனுக்குள் அலைவதே சிரமம். பெகுவிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் பஸ்ஸில் பெட்டி ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு கூலியும் போச்சு, நாளும் போச்சு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

போனில் கூப்பிட்டால் நாங்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு இது பிடிப்பதில்லை, தட்டிக்கழிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். பழையது போட்டும் ஆன் ஆகவில்லை என்றால் கோளாறு அநேகமாக வேறு இடத்தில். கை உள்ளே போனபோது எதோ கழன்றிருக்கும்: போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள், பிராசசர் பக்கத்து 8 பின் கேபிள், முன்பக்கப் பொத்தானின் மெல்லிய ஒயர், இந்த மூன்றையும் அழுத்திப் பாருங்கள். பழையதில் ஓடி, புதியதில் ஓடவில்லை என்றால்தான் புதியதைச் சந்தேகிக்க வேண்டும். ராமும் எஸ்.எஸ்.டி.யும் சேர்த்து வாங்கினாலும் ஒன்றை மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள். இரண்டையும் ஒரேயடியாக மாட்டிவிட்டால் எது தகராறு என்று எங்களுக்கும் தெரியாது.

இன்னொன்று. கரண்ட் போன நேரத்தில், "கரண்ட்தான் இல்லையே" என்று பிளக்கைப் பிடுங்காமலே பெட்டியைத் திறக்கிறார்கள். நம் ஊரில் கரண்ட் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும்? பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் இறங்கிய பிறகு கை வையுங்கள். பவர் சப்ளை டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

புகாரில் பாதிக்கு மேல் ராம்தான். முழுதாக உட்காராமல் ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் இடம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரண்டு தலைமுறை ராமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தவில்லை என்றால் அது உங்கள் போர்டுக்கு உரியதல்ல, பலத்தைக் காட்டாதீர்கள். டி.டி.ஆர்.5 போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ராமை அளந்து பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பொறுக்காமல் ஆஃப் செய்தால் முதலிலிருந்து தொடங்கும். காப்பி குடித்துவிட்டு வாருங்கள். "3200 என்று விற்றீர்கள், 2666 காட்டுகிறது" என்று கோபிப்பவர்களுக்கு: போர்டின் சொந்த சாஃப்ட்வேரான பயாசில், எக்ஸ்.எம்.பி. என்ற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்யுங்கள். மழைக்காலத்தில் பழைய ராமின் தங்கக்கோடு மங்கிப்போகும். பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்தால் போதும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். மானிட்டர் கேபிள் பழையபடி போர்டிலேயே குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேர் இதற்காகவே வந்திருக்கிறார்கள். அடுத்தது மின்சாரம். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. செகண்ட் ஹாண்ட் ஆபீஸ் மெஷின்களில் பவர் சப்ளை சிறியது, பலவற்றில் அந்த கேபிளே இருக்காது. கேபிளைக் கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் குத்தவே கூடாது. வாய் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும். இதற்கு வாரண்டி கிடையாது.

நம் ஊருக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் அன்பர் ஒருவருக்குக் கார்டு மாற்றியதும் மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது, அதுவும் சாயங்காலத்தில் மட்டும். கார்டை மாற்றிக்கொடுத்தோம், அப்போதும் அதே கதை. கடைசியில் பார்த்தால் யு.பி.எஸ். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கியதும் அது பாட்டரிக்குத் தாவுகிறது. பழைய கார்டுக்குப் போதுமாயிருந்த யு.பி.எஸ்.ஸால் புதியதைச் சுமக்க முடியவில்லை. 650 வி.ஏ. என்றால் 650 வாட் அல்ல, பெரும்பாலும் நானூறுக்கும் கீழேதான். மலிவான யு.பி.எஸ். பாட்டரியில் தரும் கரண்ட் அலை சீராக இராது. புதுமாடல் பவர் சப்ளைகள் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆகவே வேலை கூடும்போதோ கரண்ட் மாறும்போதோ சட்டென்று அணைந்தால் கார்டைத் திட்டாமல் யு.பி.எஸ்.ஸைத் தாண்டி, ஸ்டெபிலைசர் வழியாக நேரே கொடுத்து ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் நீலத்திரையில் பிழை காட்டிவிட்டு நின்றால் மட்டும் ராம், டிரைவர் சாஃப்ட்வேர் பக்கம் தேடலாம்.

எஸ்.எஸ்.டி. சங்கதி சுருக்கமானது. புத்தம் புதியது விண்டோசில் தானாகத் தெரியாது. விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மெண்ட் போய் இனிஷியலைஸ் (முதல் தயாரிப்பு) செய்து, வகை கேட்டால் ஜி.பி.டி. என்று கொடுக்க வேண்டும். படமும் கணக்கும் உள்ள பழைய டிஸ்க்குக்கு இனிஷியலைஸ் செய்யவா என்ற கேள்வி வந்தால் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். எம்.2 வகை (போர்டிலேயே நேராகக் குத்தும்) எஸ்.எஸ்.டி. மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது சாகவில்லை. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஹார்ட் டிஸ்க் கேபிள் குத்தும் சாட்டா வாய் ஒன்று மூடிக்கொள்ளும். கேபிளை அடுத்த வாய்க்கு மாற்றுங்கள்.

பிராசசர் மாற்றுபவர்கள் கழற்றும் முன்பே, பழையது ஓடும்போதே, பயாசைப் புதுப்பித்துவிட வேண்டும். ஏ.எம்.டி.யின் பி450 வகை போர்டில் 2020இல் வந்த ரைசன் 5000 பிராசசர் போடுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்டெலில் பெயர் எஃப் என்று முடிந்தால் தனிக் கார்டு இல்லாமல் படமே வராது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டைப் போட்டிருந்தால் அதைத் திறக்கும் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஓடவில்லையா? போர்டில் கோளாறு காட்டும் நாலு குட்டி விளக்கு இருந்தால், எது எரிகிறது என்று படம் எடுத்து வைபர் ஆப்பில் அனுப்புங்கள். பவர் சப்ளை ஸ்டிக்கரையும் போர்டு மாடலையும் சேர்த்து அனுப்புங்கள். 'பீப்' சத்தம் வந்தால் வீடியோவே எடுத்துவிடுங்கள், எத்தனை தடவை என்று நாங்களே எண்ணிக்கொள்கிறோம். பஸ்ஸில் பெட்டி அனுப்புகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள்; ரோட்டுக் குலுக்கலில் ஸ்லாட்டே பிய்ந்து வந்த பெட்டிகள் உண்டு. பழைய பாகத்தையும் கூடவே வையுங்கள். பவர் ஒயர் வேண்டாம், இங்கே நிறையக் கிடக்கிறது.

இப்படிக்கு,
கடையிலிருந்து