அந்தத் தோட்டத்துக்கு மேஸ்திரி கிடையாதா?

சிகாகோ,
டிசம்பர் 15.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். காந்தலில் இந்நேரம் குளிர் கடுமையாகியிருக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது குல்லாயை மறக்காதீர்கள்.

சென்ற மாதம் நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் தொலைபேசியில் கேட்ட கேள்வி இன்னும் என் காதிலேயே நிற்கிறது. “இவ்வளவு பெரிய ஊர், நடு ஊரில் தோட்டம், எல்லாம் காய்ந்து கிடக்கிறதே, அங்கே மேஸ்திரி என்று ஒருவர் கிடையாதா?” என்றீர்கள். பின்னாலிருந்து அம்மா சிரித்ததும் கேட்டது. நான் பதில் சொல்லத் தொடங்கினேன்; ஆனால் உங்களுக்கு அந்தக் கருவியில் பாதிதான் கேட்கிறது, எனக்கோ பாதிதான் சொல்லத் தெரிந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மண்ணைக் கிளறியவருக்குத் தோட்டத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் உட்கார்ந்து முழுமையாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இங்கு வந்த முதல் நவம்பரில் எனக்கும் அதே எண்ணம்தான் தோன்றியது. அலுவலகத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் வழியில் மிலேனியம் பூங்காவின் தென்கோடியில் லூரி தோட்டம் என்ற பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தேன். பழுப்பும் கறுப்புமாக முட்டளவுக்கும் இடுப்பளவுக்கும் காய்ந்த தண்டுகள், அவற்றின் நுனியில் கரிந்த பொத்தான்களைப் போன்ற பூத்தலைகள், இடையில் வைக்கோல் நிறத்தில் சாய்ந்த புல். கூலி கொடுக்காததால் ஆட்கள் வேலைக்கு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, கை தன்னையறியாமல் ஒரு காய்ந்த பூவைக் கிள்ளப் போயிற்று. பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அங்கே தன்னார்வலராக வேலை செய்பவர், “வேண்டாம், அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது” என்றார். பூத்து முடிந்த செடிக்கு என்ன வேலை என்று எனக்கு அன்று புரியவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மிலேனியம் பூங்கா 24.5 ஏக்கர், 2004இல் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் ரயில் தண்டவாளங்களும் கார் நிறுத்துமிடமுமாகக் கிடந்த நிலம் அது. தண்டவாளத்தையும் கார்களையும் கீழே அப்படியே வைத்துக்கொண்டு, மேலே கூரை போட்டு, கூரைமேல் மண் கொட்டி எழுப்பிய பூங்கா. ஆகவே நான் படத்தில் காட்டிய தோட்டம் உண்மையில் ஒரு மொட்டைமாடித் தோட்டம். வடக்கிலும் மேற்கிலும் பதினைந்தடி உயரத்துக்கு இரும்புச் சட்டத்துக்குள் வளர்த்த வேலி, அதற்குத் தோள்வேலி என்று பெயர். நடுவே சாய்வாக ஒரு மரப்பாலமும் அதன் ஓரமாக ஆழமில்லாத ஓடையும் செல்கின்றன. கோடையில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை அதில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெருவைக் கடந்தால் ஓவியக் கூடம். 1893இல் விவேகானந்தர் பேசிய கட்டடம் அதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மகிழ்ச்சியடைவார்.

தோட்டத்தின் வடிவத்தை வகுத்தவர் கேத்ரின் குஸ்தாஃப்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் குழு. ஆனால் செடிகளை நிறுத்தியவர் பீட் ஔடோல்ஃப் என்ற டச்சுக்காரர். நீங்கள் கேட்ட மேஸ்திரி அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1944இல் ஹார்லெம் நகரில் பிறந்தவர். இளமையில் பெற்றோர் நடத்திய உணவகத்தில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் செடிகளின் பக்கம் வந்திருக்கிறார். தான் விரும்பிய செடிகள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்பதால், 1982இல் மனைவி அன்யாவுடன் ஹும்மெலோ என்ற கிராமத்தில் ஒரு பழைய பண்ணையை வாங்கிச் சொந்தமாக நர்சரி போட்டார். நாற்று விற்றது அன்யா, செடியை உற்றுப் பார்த்தது அவர் என்று சொல்லத் தோன்றுகிறது. நம் வீட்டிலும் காய்கறித் தோட்டம் அம்மாவுடையது, பெயர் உங்களுடையது. நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில் மேம்பாலத்தின்மேல் 2009 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட ஹை லைன் பூங்காவின் செடிகளும் அவர் தேர்ந்தவைதான். இன்றும் தோட்டத் திட்டங்களைக் கையாலேயே, மெல்லிய தாளில் வண்ணப் பேனாக்களால் வரைகிறார். அந்தத் தாள்களின் அச்சுப்பிரதி ஒன்றைப் பார்த்தேன். அம்மாவின் கோலநோட்டைப் போல இருக்கிறது. ஒவ்வொரு வண்ணப் புள்ளிக்கும் ஒரு செடியின் பெயர்.

நம் ஊட்டியில் ‘சீசன்’ என்றால் மே மாதம். அந்த ஒரு மாதத்துக்காக நீங்கள் குளிர்காலத்திலேயே நாற்று விட்டு, தொட்டி மாற்றி, மலர்க்காட்சிக்கு முதல் நாள் நள்ளிரவு வரை தொட்டிகளை அடுக்கியதையும், காட்சி முடிந்ததும் பாத்தியை அடியோடு பிடுங்கி இரண்டாம் சீசனுக்குத் தயார் செய்ததையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஔடோல்ஃபின் தோட்டத்தில் பிடுங்குவது என்பதே அரிது. இங்கே இருப்பவை பெரும்பாலும் பல்லாண்டுச் செடிகள்; வேரோடு அதே இடத்தில் தங்கி ஆண்டுதோறும் எழுந்து அடங்குபவை. அவர் பூவின் நிறத்தை முதலில் பார்ப்பதில்லை. செடியின் உருவத்தைப் பார்க்கிறார். கதிரைப் போல நிமிர்ந்ததா, குடையைப் போல விரிந்ததா, பந்தா, பொத்தானா, புகையைப் போல் கலைந்ததா என்று. நிறம் சீக்கிரம் போய்விடும், உருவம் பனிக்காலம் வரை நிற்கும் என்பது அவர் கணக்கு. காய்ந்த பின்பும் பார்க்க நன்றாயிருக்கும் செடிக்கே தன் தோட்டத்தில் முதல் இடம் கொடுக்கிறார்.

ஏப்ரலில் தரையெல்லாம் கிழங்குப் பூக்கள்; அவற்றை வகுத்தவர் ஜாக்லீன் வான் டெர் க்ளூட் என்ற இன்னொரு டச்சுப் பெண்மணி. மே கடைசியில்தான் உங்களுக்கு நான் காட்ட விரும்பும் காட்சி வருகிறது: சால்வியா ஆறு. நீங்கள் பாத்தியின் விளிம்பில் நட்ட சிவப்பு சால்வியாவின் உறவுக்காரச் செடிதான், ஆனால் இது நீலமும் ஊதாவும், ஆண்டுதோறும் திரும்பி வருவது. அடர்நீலம், ஊதா, சற்றே வெளிறிய ஊதா என்று ஒன்றிரண்டு நிறமாற்றம் உள்ள வகைகளைக் கலந்து, மற்றச் செடிகளுக்கு நடுவே நீண்ட வளைவாக ஓடவிட்டிருக்கிறார். ஒரே வகையாக நட்டிருந்தால் அது விரித்த ஜமுக்காளமாகத்தான் தெரிந்திருக்கும். இந்தச் சிறு வேறுபாட்டால்தான் காற்றடிக்கும்போது நீர் அசைவதைப் போல் இருக்கிறது. இதை அவர் முதலில் 1996இல் ஸ்வீடன் நாட்டில் என்ஷோப்பிங் நகரத்துப் பூங்காவில் செய்து பார்த்திருக்கிறார்.

ஜூலையில் எக்கினேசியா என்ற பூச்செடி. அதிலும் ஒரு வகைக்கு இதழ்கள் ஈரத்துணி காயப்போட்டாற்போல் கீழ்நோக்கித் தொங்கும். நீங்கள் பார்த்தால் வாடிவிட்டது என்று தண்ணீர்க் குழாயைத் தேடுவீர்கள். கற்றாழையைப் போன்ற அடி இலையும் வெள்ளை உருண்டைத் தலைகளும் கொண்ட ஒரு செடியும் உண்டு. குளவியும் வண்டும் தேனீயும் அதில் சண்டையில்லாமல் அமர்ந்திருப்பதை ஒரு மதிய உணவு இடைவேளை முழுவதும் நின்று பார்த்தேன், சாப்பிடவில்லை. ஆகஸ்டில் ப்ரேரி டிராப்சீட் என்ற மெல்லிய புல் கதிர்விடும். அதன் அருகே நடக்கும்போது கொத்தமல்லி வாசம் வந்தது. யாரோ உணவுப் பொட்டலத்தைத் திறந்திருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். பிறகு குனிந்து முகர்ந்தேன். புல்தான், அப்பா! வீட்டை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ரசம் இறக்கும் நேரத்துச் சமையலறையை அந்தப் புல் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இன்று காலை பனி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஆளில்லை. எக்கினேசியாவின் கறுத்த பூத்தலையைக் குனிந்து பார்த்தேன். இதழ்கள் உதிர்ந்து முட்கூம்பு மட்டும் மீந்திருக்கிறது; பாதி முட்களுக்கிடையே விதை இல்லை. மஞ்சள் குருவிகள் இலையுதிர்காலத்திலேயே தின்றுவிட்டன. மீதிக் கூம்பின்மேல் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தைத்த குல்லாயைப் போல் பனி. பின்னால் புற்கள் செம்பு நிறத்தில், அதற்கும் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். அந்தப் பெண்மணி சொன்ன ‘வேலை’ இதுதான் என்று அப்போது பட்டது. நீங்கள் என் ஏழு வயதில் பேன்சிப் பாத்தியில் உட்காரவைத்து, காய்ந்த பூவை எந்தக் கணுவில் கிள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது தவறு என்று சொல்லவரவில்லை. கிள்ளினால்தான் அது மீண்டும் பூக்கும். மே மாதத்துக் கூட்டத்துக்கு அதுதான் வழி. இது வேறு கூட்டத்துக்கான தோட்டம்.

ஔடோல்ஃபுக்கு இந்தச் செடிகளின் அறிமுகம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லினாய் மாநிலத்துக்கே ப்ரேரி மாநிலம் என்று பட்டப்பெயர். ப்ரேரி என்றால் மரமில்லாத பெரும்புல்வெளி. ஆளுயரத்துக்கும் ஆழமாக வேர் இறங்கும் புற்கள். 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் இதே மாநிலத்தில் எஃகுக் கலப்பை செய்த பிறகு, ஒட்டும் கரிசல் மண் புரண்டு சோளமும் சோயாவும் ஆயிற்று; இன்று பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. சிகாகோவுக்கு மேற்கே மார்ட்டன் மரத்தோட்டத்தில் 1962இல் தொடங்கி மீண்டும் வளர்த்தெடுத்த ஷூலன்பர்க் ப்ரேரிக்கு, லூரிக்கான செடிகளை வளர்த்துக் கொடுத்த ராய் டிப்ளிக் ஔடோல்ஃபை அழைத்துச் சென்றிருக்கிறார். அங்கே பார்த்த செடிகள் சிலவற்றைத்தான் அவர் கார் நிறுத்துமிடத்தின் கூரைக்குக் கொண்டுவந்தார்.

இதைப் படித்தபோது நம் மலைதான் நினைவுக்கு வந்தது. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளியை வெள்ளைக்காரர் வெற்று நிலம் என்று எண்ணிச் சீகையும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். பிறகு நாமும் அதையே தொடர்ந்தோம். பூங்காவுக்கு மேலே மந்து என்ற தங்கள் குடியிருப்பில் இருக்கும் தோடர்களுக்கு எருமைக்கும் கோயில் கூரைக்கும் அந்தப் புல்தான். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சிக்கும் அந்தச் சரிவுதான் வீடு. 2018இல் அதைப் பார்க்க என்னை அழைத்துப்போனீர்கள்; பூவைப் பற்றி நிறையச் சொன்னீர்கள், புல்லைப் பற்றி நான் கேட்கவுமில்லை.

எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. இதை இயற்கைத் தோட்டம் என்று சொல்லிப் பூரிக்கிறவர்கள், இதில் எவ்வளவு கைவேலை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சால்வியா இந்த மண்ணின் செடியே அல்ல. களை எடுக்க, அடங்காமல் பரவுவதைக் கட்டுப்படுத்த, இடம் மாறி முளைத்ததை விடுவதா எடுப்பதா என்று முடிவு செய்ய, சம்பளத் தோட்டக்காரர்களும் தன்னார்வலர்களும் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். உண்மையான ப்ரேரிக்கு அவ்வப்போது தீ தேவை. கீழே கார்கள் நிற்கும் இடத்தில் தீ வைக்க முடியாது. ஆகவே குளிர்காலத்தின் கடைசியில், கிழங்குகள் முளைவிடுவதற்குள், எல்லாவற்றையும் தரையோடு வெட்டிவிடுகிறார்கள். எனவே மேஸ்திரி உண்டு, அப்பா. எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிந்த மேஸ்திரி. அந்த வெட்டும் வேலைக்கு என்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டிருக்கிறேன். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா என்றார். யார் மகள் என்று அவருக்குத் தெரியாது.

எக்கினேசியா விதை கொஞ்சம் அனுப்பச் சொன்னீர்கள். மன்னியுங்கள், அனுப்ப மாட்டேன். அனுமதியும் சான்றிதழும் இல்லாமல் விதையை அஞ்சலில் போடக் கூடாது என்பது ஒன்று. மற்றது, அழகுக்கென்று வந்த உண்ணிச்செடி நம் மலையில் என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். தலைக்குந்தாவில் உறைபனி விழத் தொடங்கியதும் தம்பியின் வண்டியில் ஏறி ஒரு நாள் விடியற்காலை போய், வெயில் ஏறுவதற்குள் அங்குள்ள காய்ந்த புல்லைப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்தது. ஊறுகாய்ப் புட்டி உடைந்து, பொடிப் பொட்டலத்தின் மேலெல்லாம் எண்ணெய். துடைத்து வைத்துக்கொண்டேன்.

அன்புள்ள மகள்.