ஒரு ஞாயிற்றுக்கிழமை உபினுக்குப் போவோம்

சிங்கப்பூரில் எங்களைப் போன்ற தொழிலாளர்களுக்காக ஞாயிறு நிகழ்ச்சிகள் நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். துவாஸ் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறேன். பொங்கல் விழா, பட்டிமன்றம், மருத்துவ முகாம், கிரிக்கெட் போட்டி என்று நீங்கள் எங்களுக்குச் செய்துவருவது கொஞ்சமல்ல. 2020இல் விடுதியைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தபோது தேடிவந்து உதவியவர்களை யாரும் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: வருடத்தில் ஓரிரு ஞாயிறுகளிலாவது எங்களை மண்டபத்துக்கு அழைக்காமல் புலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப் போங்கள்.

எங்கள் ஞாயிறு எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். துணி துவைப்பு, சமையல், ஊருக்கு வீடியோ கால், மதியத்துக்கு மேல் லிட்டில் இந்தியா என்கிற தேக்கா. வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, முஸ்தபா கடையில் சாமான், புல்தரையில் உட்கார்ந்து பேச்சு. ஊர்க்காரர்களைப் பார்க்கிற இடம் அது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருடம் இங்கே உழைத்துவிட்டு, வேலைத்தளத்தையும் தேக்காவையும் தவிர எதையும் பார்க்காமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சமீபத்தில் எங்கள் அறையிலிருந்து சிலர் உபின் போய்வந்தோம். தானா மேராவில் ரயிலைவிட்டு இறங்கி, 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பிவிடும். 10 நிமிடம்போல ஆகும். எங்களில் ஒரு தம்பி படகில் ஏறியதே அன்றைக்குத்தான்; கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தீவுக்குள் போக நுழைவுக் கட்டணம் கிடையாது. துறைக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டோம்.

தீவின் கிழக்குக் கோடியில் செக் ஜாவா என்ற கடலோரச் சதுப்பு. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, கடலுக்கு மேலேயும் அலையாத்திக் காட்டுக்குள்ளேயும் போட்டிருக்கும் நடைபாதையில் நடக்க வேண்டும். கூட வந்த சிதம்பரம் பக்கத்துத் தம்பி வேர்களைப் பார்த்ததுமே, “அண்ணே, இது எங்க பிச்சாவரத்துச் சுரபுன்னை!” என்று கத்திவிட்டான். அப்புறம் முழு நேரமும் அவன்தான் எங்களுக்கு வழிகாட்டி. எந்த வேர் மூச்சுவிடும், காய் எப்படி மரத்திலேயே முளைவிட்டுச் சேற்றில் விழும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். வேலைத்தளத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த இடத்தையும் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்தது. மக்கள் போய்ப் பார்த்தார்கள், எழுதினார்கள், கேட்டார்கள். 2001 இறுதியில் அரசு அதை ஒத்திவைத்தது. துவாஸில் கடலைத் தூர்க்கும் வேலை பார்த்தவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. தூர்க்காமல் விட்ட கடல் வற்றும்போது நண்டும் கடற்புல்லுமாகத் தெரிவதை அவர்கள் பார்க்க வேண்டும்.

கல் வேலை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. உபின் கருங்கல் தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், மலேசியாவுக்குப் போகும், 1924இல் திறந்த ஜொகூர் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது, கரையில் நாரைகள். இருவாச்சிகூட இருக்கிறது. சிங்கப்பூரில் நூறு வருடத்துக்கு மேல் காணாமல்போன பறவை அது. 1994இல் ஓர் இணை மறுபடி கண்ணில் பட்டது இந்தத் தீவில்தான்.

தனியாகப் போகலாமே என்று கேட்பீர்கள். வழி தெரியாது, என்ன செலவாகும் என்று தெரியாது, நமக்கெல்லாம் அங்கே என்ன வேலை என்ற தயக்கம் வேறு. நீங்கள் கூப்பிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். பகலில் கடல் நன்றாக வற்றுகிற ஞாயிறாகப் பார்த்துத் தேதி வையுங்கள். விடுதிகளிலிருந்து சாங்கிவரை பேருந்து ஏற்பாடு செய்யுங்கள். செடி, உயிரினம் பற்றித் தமிழில் சொல்லத் தெரிந்த ஒருவர் கூட வரட்டும். மேடை, பதாகை, பேச்சு எதுவும் வேண்டாம். வீட்டு வேலை செய்யும் நம் பெண்களுக்கும் அழைப்பு போகட்டும். அவர்களுடைய ஓய்வு நாள் எங்களுடையதைவிடக் குறைவு.

படகுக் கூலியை நாங்களே கொடுத்துக்கொள்வோம். தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள், ஓவர்டைம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் விடுதியில் பெயர் வாங்குவதையும், போனவர்களைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தொழிலாளி