முதல் பளுதூக்கும் போட்டிக்குப் போகிற மகளுக்கு

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மண்டிக்கு மாங்காய் வர ஆரம்பித்துவிட்டது.

ஸ்னாட்சை, அதாவது எடை மாட்டிய பாரை (இரும்புக் கம்பியை) தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே தூக்குவதை, 55 கிலோவில் ஆரம்பிக்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம் கண்ணு. 55 என்பது பயிற்சியில் உனக்கு ஒரே ஒரு தடவை மேலே போன எடை. போட்டியில் முதல் எடை, காய்ச்சலில் இருந்து எழுந்த மறுநாளும் கை நடுங்காமல் தூக்குகிற எடையாக இருக்கணும். 50 எழுதிக் கொடு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, அது கிளீன்; பிறகு தலைக்கு மேலே, அது ஜெர்க்) 68 போயிருக்கிறது என்றால் 62-ல் ஆரம்பி.

இரண்டு தூக்கலுக்கும் மும்மூன்று வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் பெரியதை எடுத்துக் கூட்டினால் அதுதான் உன் மொத்தம். ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தமே கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஸ்னாட்சில் 82 கிலோ தூக்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று தடவையும் தவறிப்போய், மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பினார். அதே மீராபாய்தான் டோக்கியோவில் 87-ம் 115-ம் தூக்கி, 202 கிலோவுடன் வெள்ளி வாங்கினார். அவருக்கே அப்படி ஒரு நாள் வந்தது என்பதை மனதில் வை.

ஒரு எடையைத் தவறவிட்டால் அதையே மறுபடி கேட்கலாம், இல்லை கூட்டலாம். குறைக்க முடியாது. 55-ல் தவறினால் 55-லேயே மாட்டிக்கொள்வாய். 50, 53, 56 என்று ஏறினால் மூன்றாவதில் தைரியமாகப் பார்க்கலாம். பெரிய போட்டிகளில் 20 கிலோ விதி ஒன்று உண்டு: பதிவில் மொத்தம் 120 என்று எழுதியிருந்தால், இரண்டின் முதல் எடையும் சேர்ந்து 100-க்குக் குறையக்கூடாது. உனக்கு 112 வருகிறது.

ஸ்னாட்சுக்குப் பலம் போதவில்லை என்கிறாய். அது சரியில்லை. 2000 சிட்னியில் வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரி 110-ம் 130-ம் தூக்கினார். நம் பக்கத்து வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது 149-ம் 179-ம் தூக்கி. இருவருக்கும் ஸ்னாட்ச், மற்றதில் 83 முதல் 85 சதவீதம். உன் 55-க்கும் 68-க்கும் 81 சதவீதம் வருகிறது. பலம் இருக்கிறது. பார் போகிற வழிதான் கோணல்.

நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பார் தரையை விட்டு எழும்பும்போதே உன் இடுப்பு முந்திக்கொண்டு மேலே போகிறது. முதுகு சாய்ந்து, பார் முழங்காலைத் தாண்டும்போது உடம்பை விட்டு நான்கு விரற்கடை விலகிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் முன்னால்தான் விழும். தரையிலிருந்து முழங்கால் வரை அவசரப்படாதே. இடுப்பும் தோளும் ஒரே நேரத்தில் எழும்பட்டும், முதுகின் சாய்வு மாறக்கூடாது. பார் தொடையை உரசிக்கொண்டே வந்து, இடுப்பு மடிப்பைத் தொட்ட பிறகுதான் முழு வேகமும். அதுவரை முழங்கையை மடக்காதே; கை வெறும் கயிறு.

வேகம் கொடுத்த பிறகு மேலே பார்த்து இழுத்துக்கொண்டே நிற்கிறாய். போச்சம்பள்ளி சந்தையில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறாய் இல்லையா? யாரும் மூட்டையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவதில்லை. ஒரு எம்பு எம்பி, அது அந்தரத்தில் இருக்கும்போது சட்டென்று கீழே போய்த் தோளைக் கொடுக்கிறார்கள். ஸ்னாட்சும் அதேதான். பார் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் போதும், நீ அதற்குக் கீழே உட்காரணும். தினமும் வெறும் பாரில் பத்து தடவை இதை மட்டும் செய்.

பிடி எப்போதும் ஹூக் பிடியாக இருக்கட்டும்: கட்டைவிரல் பாரை ஒட்டி உள்ளே, மற்ற விரல்கள் அதன் மேல். முதல் இரண்டு வாரம் வலிக்கும், பிறகு பழகும். பெண்கள் பார் 25 மில்லிமீட்டர் கனம், 15 கிலோ. ஆண்கள் பார் 28 மில்லிமீட்டர், 20 கிலோ. உங்கள் ஜிம்மில் ஆண்கள் பார் மட்டும்தான் என்றால், போட்டிக்கு முன் ஒரு நாளாவது பெண்கள் பாரில் பழகிவிடு. முனை சுழலாத பாரைத் தொடவே தொடாதே. பிளேட்டின் (முனையில் மாட்டும் எடை வட்டின்) சுழற்சி முழுக்க உன் மணிக்கட்டில் இறங்கும்.

மேடையில் மூன்று நடுவர்கள். இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கல் செல்லும். முழங்கை மடங்கி, பிறகு தள்ளி நிமிர்ந்தால் சிவப்பு. கிளீனில் உட்காரும்போது முழங்கை தொடையையோ முழங்காலையோ தொட்டால் சிவப்பு. அதனால் பார் தோளில் உட்கார்ந்ததும் முழங்கையை முன்னால் உயர்த்து. ஜெர்க்குக்கு இறங்கும்போது குதிகால் தரையிலேயே இருக்கட்டும், நெஞ்சு முன்னால் சாயாமல் நேராக இறங்கு. கால்களை முன்னும் பின்னும் விரித்துப் பாரைத் தலைக்கு மேலே தாங்கிய பிறகு, எழும்பும்போது முன்கால் அரை அடி பின்னால், பிறகு பின்கால் முன்னால். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்து அசையாமல் நில். 'டவுன்' என்று சைகை வரும்வரை இறக்காதே. இறக்கும்போதும் பார் தோளைத் தாண்டும்வரை கை எடுக்காதே. நல்ல தூக்கலை இந்த இடத்தில் பறிகொடுத்தவர்கள் நிறைய.

உங்கள் உடம்பு எடை பார்ப்பது போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கி ஒரு மணி நேரம் நடக்கும். முதல் போட்டிக்கு உடம்பைக் குறைக்காதே, இருக்கிற எடைப் பிரிவிலேயே போ. எடை பார்த்ததும் இட்லி, வாழைப்பழம், தண்ணீர். கேழ்வரகுக் களி வேண்டாம், அன்றைக்கு மட்டும், வயிறு கனக்கும்.

வார்ம் அப்பில் ஸ்னாட்சுக்கு 15, 25, 32, 38, 43, 47. பெயர் கூப்பிட்டால் ஒரு நிமிடம்தான் நேரம். தொடர்ந்து நீயே வந்தால் இரண்டு நிமிடம். மேடை ஏறும்முன் பிளேட்டைப் பார். 50 என்றால் பார் 15, பிளேட்டை இறுக்கும் காலர் இரண்டும் சேர்ந்து 5, இரு பக்கமும் மஞ்சள் (15) ஒவ்வொன்று. 62 என்றால் இரு பக்கமும் ஒரு நீலமும் (20) சின்னப் பச்சையும் (1). வேறு நிறம் தெரிந்தால் தூக்காதே, உடனே கேள்.

அடுத்த வீடியோவைப் பக்கவாட்டில் இருந்து, இடுப்பு உயரத்தில் போனை வைத்து எடுத்து அனுப்பு. முன்னால் இருந்து எடுத்தால் பார் போன வழி அம்மாவுக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா