எங்கள் ஹோலுக்கு ஒரு பெயர் கேட்டு ஆணையாளருக்கு ஒரு மனு

மாநகர ஆணையாளர் அவர்கள்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07.

விடயம்: நாகலகம் வீதிக்குக் கிட்ட, ஆற்றங்கரைத் தோட்டத்துச் சமூக நிலையத்துக்கு ‘சிரமதான மண்டபம்’ என்று பெயர் சூட்டக் கோருதல்

மதிப்புக்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

நேரே விஷயத்துக்கு வருகிறோம். எங்கள் தோட்டத்து முகப்பில் இருக்கிற சமூக நிலையத்துக்குக் கூரை மாற்றி, மேல்மாடியும் எடுத்து, வேலை முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. இனிப் பெயின்டும் பெயர்ப்பலகையும்தான் மிச்சம். அந்தப் பலகையை எழுதக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மனு உங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரப்படுகிறோம், கல் பதித்த பிறகு பெயரை மாற்றுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இவ்வளவு காலமும் அதற்குப் பெயரே கிடையாது. ஓட்டோக்காரரிடம் ‘ஹோல் கிட்ட நிப்பாட்டுங்க’ என்றால் போதும், நிற்கும்.

செய்தியில் களனி கங்கையின் நீர்மட்டம் சொல்லும்போது ஹங்வெல்லைக்கு மீட்டர் கணக்கு, எங்கள் நாகலகம் வீதிக்கு மட்டும் இன்னும் அடிக்கணக்கு. 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். அணைக்கட்டுக்கு ஆற்றுப் பக்கமாக இருக்கிற எங்களுக்கு அந்தச் சிறு வெள்ளமே போதும், அடுப்படிக்குள் வந்துவிடும்.

2016 மே மாதம் வெசாக் கூடு கட்டப் பையன்கள் மூங்கில் வெட்டி அடுக்கியிருந்த நேரத்தில்தான் ஆறு ஏறியது. படகு வருகிறது வருகிறது என்றார்கள், வந்தது அடுத்த நாள். அதுவரைக்கும் பையன்கள் காத்திருக்கவில்லை. அந்த மூங்கிலையே எடுத்து, மீன் பெட்டி ரெஜிபோமோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போய் வீடு வீடாக ஆட்களை இறக்கினார்கள். நடக்க முடியாத ஆச்சி ஒருவரை பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தோளில் தூக்கி வந்தபோது, அவர் மடியில் இருந்தது தோசைக்கல் ஒன்று மட்டும்தான். காசு, அடையாள அட்டை ஒன்றும் எடுக்கவில்லை, கல்லை விட்டால் நாளைக்கு எப்படிப் பிழைப்பது என்று கேட்டார். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் வெசாக் கூடு இல்லை.

இந்த மனுவுக்கு உண்மையான காரணம் ஒரு சீ.ஆர். கொப்பி. இடியப்பம் அவித்து விற்கிற ஒரு அக்கா அன்று ஹோல் படியில் குந்தியிருந்து யார் யார் வந்தார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். தண்ணீர் பட்டு ஊதிப்போய் இப்போது அது தலையணை மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், அடுத்த பக்கம் சிங்களம், நடுவில் யாரோ ஒரு பிள்ளை கீறிய மீன். ‘7ஆம் வீடு, இன்சுலின், பிளாஸ்கில் ஐஸ்’, ‘23, பால்மா, கைப்பிள்ளை’ என்று வரி வரியாகப் போகும். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் பிளாஸ்கில் ஐஸ் மாற்றுவது மட்டும் ஒரு ஆளின் முழு நேர வேலை. ஓட்டோ ஓட்டுகிற நானா ஒருவர் அதைச் செய்தார், ஐஸ் வாங்கிய காசைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுவார்.

2020 ஒக்டோபர் கடைசியில் எங்கள் பக்கம் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தபோது அதே கொப்பியின் மிச்சப் பக்கங்கள்தான் கை கொடுத்தன. இதைக் கொஞ்சம் கவனித்து வாசிக்க வேண்டும். உலர் உணவு, கொடுப்பனவு என்று எது வந்தாலும் முதலில் வாக்காளர் இடாப்பைத்தான் புரட்டுகிறார்கள். மலைநாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிற குடும்பங்களுக்கு அதில் பெயர் இல்லை, பெயர் இல்லாதவருக்குப் பசி இல்லை என்று ஆகிவிடுகிறது. கொப்பியில் அவர்கள் இருந்தார்கள், அதனால் சோற்றுப் பார்சலும் போனது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு ஆறு மறுபடி ஏறியபோது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே வரவில்லை, இன்சுலின் வீடுகள் எவை என்று அவர்களுக்குப் பாடம்.

சரி, பெயருக்கு வருவோம். முதலில் ‘தொண்டர் மண்டபம்’ என்றுதான் நினைத்தோம். கூட்டத்தில் ஒரு மாமா சிரித்தார்: எந்தக் கட்சித் தொண்டர் என்று கேட்பார்களே. இன்னொருவர், தொண்டர் ஆசிரியர் மாதிரி நிரந்தர நியமனம் கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள் என்றார். ஒவ்வொரு ஆளின் பெயரையும் கல்லில் போடலாம் என்றும் பேச்சு வந்தது, அதைச் சம்பந்தப்பட்டவர்களே மறுத்துவிட்டார்கள். போட்டால் விடுபட்டவர் கோபப்படுவார், அப்புறம் அடுத்த வெள்ளத்துக்கு யார் வருவது?

அப்போதுதான் சிரமதானம் என்ற சொல் வந்தது. 1958இல் சர்வோதய இயக்கத்து ஆரியரத்ன ஐயா நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் கனத்தொளுவைக் கிராமத்துக்குக் கூட்டிப் போன காலத்திலிருந்து நாடு முழுக்கத் தெரிந்த சொல், தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றேதான், மொழிபெயர்க்கிற வேலையே இல்லை. ‘சிரமதானம் என்றால் கான் துப்புரவு செய்கிறதுதானே, நாங்கள் சமைத்தது எந்தக் கணக்கு?’ என்று அக்கா கேட்டது நியாயம். உழைப்பைத் தானமாகக் கொடுப்பதுதான் அதன் அர்த்தம், ஐயாயிரம் இடியப்பம் அவித்தாலும் அது சிரமதானம்தான் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார், அரை மனதோடு.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பலகையில் ‘சிரமதான மண்டபம்’ என்று மூன்று மொழியிலும் எழுதி, கீழே சின்னதாக ‘2016, 2020, 2025 ஆண்டுகளில் இந்தத் தோட்டத்துக்காக உழைத்தவர்களுக்கு’ என்று ஒரு வரி போட வேண்டும். தமிழ் வரியை எழுதிய பிறகு, கல்லில் வெட்டுவதற்கு முன்னால், எங்களில் ஒருவருக்குக் காட்டுங்கள். பஸ்ஸில் ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று எழுத வேண்டியதை ‘நாய்மார்’ என்று எழுதிய கதை ஊருக்கே தெரியும். திறந்து வைப்பவர் யாராக இருந்தாலும் அவருடைய கல் உள்சுவரில் இருக்கட்டும், வாசலில் வேண்டாம். அந்தக் கொப்பியை வைக்க மேல்மாடியில் ஒரு கண்ணாடி அலுமாரி போதும், மாடி ஏன் என்று உங்களுக்கே விளங்கும். திறப்பு விழாவை வார நாளில் வைத்தால் நாட்கூலிக்குப் போகிற அந்த ஆட்களே வரமுடியாது. டிசெம்பர் 5 சர்வதேச தொண்டர் தினமாம், 2026இல் அது சனிக்கிழமை விழுகிறது, பின்னேரம் என்றால் இன்னும் நல்லது.

பெயர் சூட்டுவதற்குச் சபை அமர்வில் பிரேரணை வர வேண்டும் என்றால் அதற்கும் தயார், எங்கள் வட்டார உறுப்பினருக்கு இந்த மனுவின் பிரதியைக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துகள் தனித்தாளில் இருக்கின்றன, கைநாட்டும் உண்டு. கொப்பியைப் பார்க்க உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்புவதென்றால் வெயில் நாளாகப் பார்த்து அனுப்புங்கள், மழை இருட்டினால் பொலித்தீன் உறையிலிருந்து அதை வெளியே எடுக்க அக்கா விடமாட்டார்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைத் தோட்டத்து ஆட்கள்,
கொழும்பு 14.